அறையில் சமைக்கக் கூடாது

எங்கள் அம்மா பெயர் தபீதாள். ராஜகீழ்ப்பாக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எங்கள் வீடு இரும்புலியூரில். அங்கிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரை ஊருக்கெல்லாம் அவள் டீச்சரம்மா. அவள் பெற்ற மகள் நானோ ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்து, இரண்டு முறையும் எழுந்து வந்துவிட்டேன். பேர் பேபி. பதினாறு வயதாகியும் பேபிதான். முதலில் அம்மா இதற்காகத் திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது திட்டுவதில்லை. திட்டவும் தெம்பு வேண்டுமல்லவா?

அந்தத் தெம்பையெல்லாம் கோதுமை கொண்டுபோய்விட்டது.

அறுபத்தாறில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது என் தம்பி ஜெபசீலனுக்கு இரண்டு வயது. ரேஷன் கடையில் கோதுமை போட்டார்கள். ஊரே முனகிக்கொண்டு சப்பாத்தி தின்றது. ஜெபாவுக்கு மட்டும் வயிறு பானை மாதிரி உப்பி, கைகால் குச்சியாகிவிட்டது. சாப்பிட்டதெல்லாம் அப்படியே வெளியே வந்தது. மந்திரிக்கச் சொன்னார்கள், பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார்கள், அம்மாவுக்குத் தாய்ப்பால் சரியில்லை என்றுகூடச் சொன்னார்கள். கடைசியில் பட்டணத்துப் பெரிய டாக்டர் ஒருவர் அதற்கு ஒரு பேர் சொன்னார். சீலியாக். "கோதுமை, மைதா, ரவை, எதுவுமே இவன் உடம்புக்கு ஆகாது. வாழ்நாள் முழுக்க ஆகாது" என்றார். மருந்து இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். "கொடுக்காமல் இருப்பதுதான் மருந்து" என்றார் டாக்டர்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். கொடுக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எங்கள் அம்மாவைப் பார்த்தால்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானம் பிள்ளைகளுக்குக் கோதுமை ரவை உப்புமா. பரிமாறுவது அம்மா. வீட்டுக்கு வந்ததும் குளித்துப் புடவை மாற்றாமல் ஜெபாவைத் தொடமாட்டாள். அரிசி மாவு அரைக்க மாவு மில்லுக்குப் போனால், முந்தைய ஆள் கோதுமை அரைத்திருப்பான். அதனால் மில் திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நிற்பாள். அப்படியும் முதலில் ஒரு படி அரிசியைப் போட்டு அரைக்கச் சொல்லி, அந்த மாவை மில்காரர் அப்பாதுரையிடமே கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அரைப்பதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாள். "டீச்சரம்மா வந்துட்டாங்கப்பா, மிஷினுக்கு ஸ்நானம் பண்ணணும்" என்று அப்பாதுரை கத்துவார். அந்த மாவில் அவர் வீட்டில் வாராவாரம் கொழுக்கட்டை. எங்கள் அம்மாவின் கவலையில் ஒரு குடும்பம் கொழுக்கட்டை தின்றது.

எங்கள் வீட்டுக்குள் பன், பிஸ்கெட், பிரெட் எதுவும் வராது. எனக்குப் பன் என்றால் உயிர். ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியில் வாங்கி, நடந்துகொண்டே தின்று, தெருக்குழாயில் வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குள் போவேன். அந்த வாசனை ஜெபாவுக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்காகத்தான் கொப்பளிப்பது.

அப்பா யேசுதாசன் தாம்பரம் ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். ரயில்வேக்காரருக்கு வருடா வருடம் குடும்பத்தோடு ஊர் சுற்ற இலவச பாஸ் உண்டு. ஊரையெல்லாம் ரயிலேற்றி அனுப்புகிற மனுஷனின் குடும்பம் ஏழு வருடமாகச் செங்கல்பட்டைத் தாண்டவில்லை. போன இடத்தில் ஜெபா என்ன சாப்பிடுவான்?

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. டீச்சர் டிரெய்னிங் படிக்கும்போது எல்லாரும் நீலகிரிக்குச் சுற்றுலா போனார்களாம். அம்மாவுக்கு அம்மை போட்டுவிட்டது. போய் வந்த ஒரு சிநேகிதி, பாவப்பட்டு, ஒரு யூகலிப்டஸ் இலையைக் கொடுத்திருக்கிறாள். அது இன்னும் அம்மாவின் பைபிளில் சங்கீதப் புத்தகத்துக்குள் இருக்கிறது. தலைவலி வந்தால் எடுத்து மோந்து பார்ப்பாள். நானும் மோந்து பார்த்திருக்கிறேன். பைபிள் வாசனைதான் வருகிறது.

எழுபத்துமூன்று மே மாதத்துக்கு, குன்னூரில் சபைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் பாஸ்டர் சொல்லி ஒரு அறை கிடைத்தது. ஐந்து நாள். அப்பா வந்து சொன்னபோது அம்மா தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தபீதா, சந்தோஷமா இல்லியா?"

"அங்க சாப்பாடு எப்படின்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அம்மாவே விடுதி வார்டனுக்கு எழுதிக் கேட்டாள். வார்டன் பேர் வேதசிரோமணி. ரொம்பப் பிரியமாகப் பதில் போட்டிருந்தார். காலையில் பிரெட், கஞ்சி. மத்தியானம் சூப், கட்லெட். இரவு புட்டிங். "மகனைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரெட்டை நன்றாக முறுக டோஸ்ட் செய்து கொடுத்தால் எந்தக் குழந்தைக்கும் ஜீரணமாகும்" என்று எழுதியிருந்தார். கீழே சிவப்பு மையில், அறையில் சமைக்கக் கூடாது என்று விதி.

அம்மா அந்தக் கார்டைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் கண்ணைத் திறந்து, "அறையிலேயே சமைச்சிடலாம்" என்றாள்.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாரா வாரம் ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிறவள் இவள். நான் முதல் முறையாக எங்கள் அம்மாவை மரியாதையோடு பார்த்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சதித்திட்டம் ஆரம்பம். பம்ப் ஸ்டவ் கூடாது, சத்தம் வரும். திரி ஸ்டவ். மண்ணெண்ணெய் வாசனைக்கு என்ன செய்வது?

"அரிக்கேன் விளக்கு ஒண்ணு எடுத்துக்குவோம்" என்றார் அப்பா. "கரண்ட் போனா பையன் பயப்படுவான்னு சொல்லிக்கலாம்."

"பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் அம்மா. "மறைக்கிறது வேற, பொய் சொல்றது வேற."

"அப்ப ஜெபாவ நிஜமாவே பயப்படச் சொல்லிடலாம்மா" என்றேன். "டேய், இருட்டுன்னா உனக்குப் பயம்தானே?"

"இல்லியே."

"நான் பயப்பட வெக்கிறேன் இரு."

"பேபி, வாய மூடுடி" என்றாள் அம்மா. அதில்கூடச் சுரத்து இல்லை.

பெரிய பிரச்சினை சமையல் வாசனை. எங்கள் வீட்டில் எதற்கும் பூண்டு. பூண்டு தாளித்தால் வார்டன் மட்டுமில்லை, குன்னூரே வந்து கதவைத் தட்டும். இதற்கு வழி சொன்னது பக்கத்து வீட்டு சுப்ரமணியன் சார் சம்சாரம். நாங்கள் மாமி என்போம்.

"புளியோதரை கொண்டு போங்கோ டீச்சர். புளிக்காய்ச்சல் இங்கேயே பண்ணிடலாம். அங்க வெறும் சாதம் வடிச்சுப் பிசைய வேண்டியதுதான். நாங்க காசி வரைக்கும் அதை வெச்சுண்டுதான் போயிட்டு வந்தோம்."

அரிசி, புளி, மிளகாய், எள், நல்லெண்ணெய். ஒன்றிலும் கோதுமை இல்லை. அம்மா எல்லாவற்றையும் முழுசாக வாங்கி, தன் கையால் புடைத்து, தன் அம்மியில் அரைத்தாள். மாமி பக்கத்தில் நின்று பக்குவம் சொன்னாள். எங்கள் வீட்டில் இல்லாத ஒரே சாமான் பெருங்காயம். அதைத் துளசிங்கம் கடையில் கட்டியாக வாங்கிவந்தேன். "தாராளமா போடுங்கோ, குழந்தைக்கு வயித்துக்கு நல்லது" என்றாள் மாமி. தாராளமாகத்தான் போட்டார்கள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அம்மா ஒரு உத்தரவு போட்டாள். போவதற்கு முன்னால் வீட்டிலேயே ரிகர்சல். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒரு மாதம் ரிகர்சல் பார்க்கிறவள், இதற்குப் பார்க்கமாட்டாளா? முன்னறைதான் விடுதி அறை. இரண்டு நாள் அதை விட்டு யாரும் சமையலறைக்குப் போகக் கூடாது. டிரங்குப் பெட்டியில் என்ன எடுத்துக்கொண்டு போகிறோமோ அதைவைத்துத்தான் வாழ வேண்டும். கதவு இடுக்கில் ஈரத்துண்டு. கட்டிலுக்குப் பின்னால் ஸ்டவ். நான் வெளியே நின்று மூக்கால் காவல்.

அப்பாதான் வார்டன். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, "மிஸஸ் யேசுதாசன்! உள்ள என்ன நடக்குது?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து அம்மா, "துணி மடிச்சிட்டிருக்கேன் சார்" என்றாள். நிஜமாகவே ஒரு துணியை மடித்தாளாம். பொய் சொல்லக் கூடாதே.

"வாசனை வருதாடி?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"வருதும்மா. மீன் குழம்பு வாசனை."

உள்ளே பாத்திரம் உருண்டது. "மீனே இல்லியேடி!"

"அப்ப பக்கத்து வீடா இருக்கும்."

பக்கத்து வீடு மாமி வீடு. ஜெபா உள்ளே கட்டிலில் புரண்டு சிரித்தான். அவனுக்கு ஒன்பது வயது, பார்த்தால் ஆறு என்பார்கள். சிரித்தால் விலா எலும்பை எண்ணலாம். அன்று புளியோதரையை இரண்டு தட்டு சாப்பிட்டான். அம்மா அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுவரைக்கும் போயிட்டு வந்தாச்சு" என்றாள், குன்னூரே போய்த் திரும்பியவள் மாதிரி.

மறுநாள் ஜெபாவுக்கு ஆரம்பித்துவிட்டது. முதலில் வயிற்று வலி. அப்புறம் வாந்தி. அப்புறம் மற்றது. பழையபடி வயிறு உப்பி, முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அம்மா துடைத்தாள், துவைத்தாள், கஞ்சி வைத்தாள், மறுபடி துடைத்தாள். கொடியில் இடமில்லாமல் போர்வைகளை வேலியில் போட்டாள். நான் வாளியில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். அன்று என்னிடம் சொல்வதற்கு ஒரு கிண்டலும் இல்லை.

சாயங்காலம் அப்பா ஸ்டேஷனிலிருந்து வந்ததும் சொன்னாள்: "பாஸைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"இன்னும் மூணு வாரம் இருக்கே தபீதா."

"என் வீட்டுல, என் கையால, என் கண்ணு முன்னால இப்படி ஆச்சு. எதனாலன்னும் தெரியல. மலை மேல போய் ஆச்சுன்னா யார் வீட்டுக் குளியலறையில நிக்கிறது? நான் ஏழு வருஷமா பாத்துப் பாத்துச் செய்யறேன். என்னால முடியலங்க."

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் அப்பாவுக்கு ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும்.

கட்டிலிலிருந்து ஜெபா, "அம்மா" என்றான். "நான் மாமி வீட்டுல இருக்கேன். நீங்க மூணு பேரும் போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. அக்கா நல்லாச் சொல்லுவா. கொஞ்சம் பொய் சேர்த்துச் சொல்லுவா."

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். வாளி ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது.

மறுநாள் அம்மா டிரங்குப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். கட்டுவதற்கு அல்ல, காலி செய்வதற்கு. அரிசியை அரிசிப் பானையில் போட்டாள். மிளகாயை டப்பாவில் போட்டாள். எள், புளி என்று ஒவ்வொன்றாக அதனதன் இடத்துக்குப் போயிற்று. கடைசியில் பாதிப் பெருங்காயக் கட்டி அவள் கையில் நின்றது. அதற்கு எங்கள் வீட்டில் இடமே இல்லை.

அம்மா அதை உடைத்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். கொஞ்சம் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். ஊறியதும் கலங்கி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது, காற்றாடிக்குத் தெருப் பையன்கள் காய்ச்சுகிற மைதாப் பசை மாதிரி. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் துளசிங்கம் கடைக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"இன்னா டீச்சரம்மா, வெறும் காலோட வர்றே?" என்றார் துளசிங்கம்.

"இந்தப் பெருங்காயத்துல என்ன இருக்கு?"

"பெருங்காயம்தான் கீது."

"அது மட்டும்தானா?"

"அது மட்டும்னா நீ வாங்க முடியாதும்மா. அது ஏதோ மரத்துப் பாலாம், வெளிநாட்டுலேர்ந்து வருது. நாக்குல வெச்சா எரியும். அதுல மைதாவும் கோந்தும் போட்டு இடிச்சுத்தான் கட்டி புடிக்கிறான். எல்லாக் கடையிலயும் அதே சரக்குதான். ஏன், இன்னா ஆச்சு?"

அம்மா கடை வாசலில் இருந்த மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். "மைதா" என்றாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமான சிரிப்பு இல்லை. ரொம்ப தூரம் நடந்து வந்து, வந்தது வேறே தெரு என்று தெரிந்தவர்கள் சிரிப்பார்களே, அது.

"டீச்சரம்மா, அது உப்பு மூட்டை, எழுந்திரு. பொடவ ஈரமாய்டும்" என்றார் துளசிங்கம்.

மாமிக்குச் சொன்னதும் மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நான்தானே தாராளமா போடச் சொன்னேன்!" என்று அழுதாள். அம்மாதான் அவளைத் தேற்றினாள். "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க மாமி. நானும் டப்பா டப்பாவா மாவைத்தான் பாத்தேன். கல்லு மாதிரி இருக்கிறதுக்குள்ள மாவு இருக்கும்னு நினைக்கலியே." தேற்றுகிற வேலையும் அவளுக்குத்தான்.

அன்று சாயங்காலம் அம்மா டிரங்குப் பெட்டியை மறுபடி அடுக்கத் தொடங்கினாள். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பாஸ்?" என்றார்.

"வெச்சிருங்க. எதுன்னு தெரிஞ்சுபோச்சு. தெரியாததுக்குத்தான் பயந்தேன்." பிறகு, "ஜெபாவுக்குத் தேறினதும் இன்னொரு ரிகர்சல் பாக்கணும்" என்றாள்.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டாவது ரிகர்சலில் அவருக்கு வார்டன் வேஷம் அவ்வளவாக எடுபடவில்லை. பெருங்காயம் இல்லாத புளியோதரையும் சுமார்தான். ஆனால் மறுநாள் ஜெபா எழுந்து, கிணற்றைச் சுற்றி ஓடினான்.

மே மாதம் தாம்பரத்தில் மின்சார ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, டிரங்கைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்குப் போனோம். வழிநெடுக அம்மா காவல். எதிர் சீட்டு அம்மாள் ஒருத்தி ஜெபாவின் கன்னத்தைக் கிள்ளி ஒரு பன்னை நீட்டினாள். அம்மா நன்றி சொல்லி மறுத்தாள். "என்னங்க, பையன் இவ்வளவு மெலிஞ்சிருக்கான், பட்டினி போடுறீங்களே" என்றாள் அவள். அம்மா அதற்கும் ஒரு சிரிப்புச் சிரித்து, ஜெபாவைத் தன் ஜன்னலோர இடத்துக்கு மாற்றி உட்காரவைத்தாள். இரவு முழுக்க அவள் கண்ணயரவில்லை. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் மாறினோம். ஜெபா ஒவ்வொரு குகைக்கும் கத்தினான். அம்மா மடியில் புளிக்காய்ச்சல் ஜாடியை வைத்து, மூடி திறந்துவிடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். மலையை எப்போது பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது.

வேதசிரோமணி சார் வாசலிலேயே காத்திருந்தார். வெள்ளைத் தலை, கம்பளிச் சட்டை. அறையைத் திறந்து திரையை விலக்கினார். "இந்த ஜன்னலுக்காகவே ஜனங்க வருஷா வருஷம் வர்றாங்கம்மா" என்றார். கீழே தேயிலைச் சரிவு, அதற்கு மேலே யூகலிப்டஸ் மரங்கள், அவற்றுக்கு நடுவே மேகம் நடந்துகொண்டிருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றாள் அம்மா. அவள் கண் கதவுக்கடியில் இருந்தது. இடுக்கு எவ்வளவு அகலம் என்று.

அவர் போனதும் துண்டை நனைத்துப் போட்டாள். ஸ்டவ்வைக் கட்டிலுக்குப் பின்னால் வைத்தாள். "கொஞ்சம் இடுப்பைச் சாய்க்கிறேன், உலை வெச்சதும் எழுப்பு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படுத்தாள். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். முகத்தைக்கூடக் கழுவவில்லை. ஒரு கை இன்னும் ஜாடியைப் பிடித்திருக்கிற மாதிரி வளைந்திருந்தது.

நானும் அப்பாவும் உலை வைத்தோம். இரண்டு ரிகர்சல் பார்த்த குடும்பம், பேச்சே இல்லாமல் வேலை நடந்தது. சாதம் கொதிக்கிற நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. அப்பா நிஜ வார்டனுக்குப் பயந்து திரைக்குப் பின்னால் ஒளிந்தார். நான் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, வெளியே வந்து, பின்னால் சாத்தினேன்.

வேதசிரோமணி சார் கையில் ஒரு தட்டு. "தம்பிக்கு. நல்லா முறுக டோஸ்ட் பண்ணச் சொன்னேன்" என்றார். கீழே பார்த்தார். "என்ன, ஈரத்துண்டு?"

"தண்ணி சிந்திடுச்சு சார்." எனக்குக் கட்டளை எதுவும் கிடையாது.

"அம்மா எங்க?"

"தூங்கறாங்க சார்."

"இந்நேரத்திலயா? மேகம் விலகி மலை நல்லாத் தெரியுது. எழுப்பிக் காட்டும்மா."

அப்போது உள்ளேயிருந்து ஜெபா, "அக்கா, வெந்துடுச்சா?" என்றான்.

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். "துணி வெந்துதான்னு கேக்கறான் சார்" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார். எதை நம்பினார் என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

டோஸ்ட்டை வராந்தாவில் நின்றே தின்று தீர்த்தேன். நன்றாகத்தான் முறுகியிருந்தது. தட்டைக் கழுவி, குழாயில் வாய் கொப்பளித்து, கையைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தேன். அப்பா ஜெபாவுக்குப் பிசைந்து போட்டிருந்தார். ஜன்னல் வழியாக வந்த வெயில் கட்டில் மேல் ஏறி, அம்மாவின் முகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"எழுப்பட்டுமா?" என்று அப்பா கிசுகிசுத்தார். "இதைப் பாக்கத்தானே வந்தா. மேகம் வந்துட்டா அப்புறம் தெரியாது."

அம்மா கொஞ்சம் புரண்டாள். வெயில் அவள் கண்ணுக்குப் போவதற்குள் நான் போய்த் திரையை இழுத்து மூடினேன். அறை இருட்டிற்று.

"பயமா இருக்காடா?" என்று ஜெபாவிடம் கேட்டேன்.

"இல்லக்கா" என்று அவன் மெதுவாகச் சொல்லிவிட்டு, சத்தம் வராமல் தட்டை வழித்தான்.